ஏரா இல்லாத கார்

காலை ஐந்து ஐம்பது. முதலில் கண்ணில் பட்டது, காரின் இடது பின்கதவுக்கு நேர் கீழே சிமெண்ட் தரையில் காய்ந்திருந்த ஒரு பழுப்புச் சொட்டு. ஆயில் என்றால் கருப்பாக இருக்கும், விரலில் வழுக்கும். கூலன்ட் என்றால் இளஞ்சிவப்பு. இது டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது, தொட்டால் நறநறவென்று ஒட்டியது. முந்தைய நாள் மாலை காரைக் கழுவியிருந்தேன். கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓர் இரும்புப் பெட்டி ஓடும். மெக்கானிக்குகள் அதை ரன்னிங் போர்டு என்பார்கள். அதற்குள் புகுந்த தண்ணீர் இரவெல்லாம் தங்கி, எங்கேயோ ஒரு வழி கண்டு வெளியே வந்திருந்தது. வரும்போது உள்ளே இருந்ததில் கொஞ்சத்தைக் கொண்டுவந்திருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். மனைவி எழுந்து வருவதற்கு முன் துணியை அலசிக் கொடியில் போட்டேன்.

அந்த மாதக் கடைசியில் காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. அதற்குள் போக்குவரத்து அலுவலகத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஆய்வாளர் பார்த்து, மறுபதிவு செய்ய வேண்டும். தேறினால் இன்னும் ஐந்து வருடம் ரோட்டில் ஓடலாம். தேறாவிட்டால் பழைய இரும்பு. அடுத்த வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தேன்.

மனைவி உச்சிப்புளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எப்போதும் பஸ்ஸில்தான் போவாள். காரைப் பற்றி அவளுக்கும் எனக்கும் ஒரே ஓர் ஒப்பந்தம் இருந்தது, அதையும் அவள்தான் போட்டாள்.

"வியாழக்கிழம பாஸாச்சுன்னா அஞ்சு வருசத்துக்கு நான் வாயத் திறக்க மாட்டேன். பாஸாகலன்னா நீங்க திறக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன்.

காரைக் கோயம்புத்தூரில் ஒரு பல் டாக்டரிடமிருந்து வாங்கினேன். அவர் இரண்டாவது சொந்தக்காரர், நான் மூன்றாவது. ஜெர்மனியில் வடிவமைத்த கருநீல செடான், ஆட்டோமேட்டிக் கியர். என்ன கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. கார் தன் வேலையைச் செய்தது, எங்கள் ஊர் உப்புக்காற்று தன் வேலையைச் செய்தது.

எதற்காக வாங்கினாய் என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றும் வேறு. பாதுகாப்பு என்றேன், இந்த விலைக்கு இப்படி ஒரு கார் கிடைக்காது என்றேன். உண்மை இதுதான்: டாக்டர் வீட்டு வாசலில் பின்சீட்டில் உட்கார்ந்து, நடுவில் இருந்த சாம்பல் கிண்ணத்தின் மூடியைத் தொட்டேன். அது பட்டென்று திறக்கவில்லை. மெதுவாக, ஒரே வேகத்தில், கடைசிவரை போய் நின்றது. யாரும் கவனிக்கப்போகாத ஒரு மூடிக்கு யாரோ ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார். நான் இருபது வருடம் பத்திரிகை மேசையில் உட்கார்ந்து, யாரும் கவனிக்காத ஒற்றெழுத்துகளைத் திருத்தியவன். எனக்கு அந்த மூடி போதுமானதாக இருந்தது.

அப்போது நான் மதுரையில் இருந்தேன். ராமநாதபுரத்துக்கு மாவட்ட நிருபராக மாற்றல் வந்தபோது காரும் கூட வந்தது. இந்தக் காரை வைத்திருப்பவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குழு உண்டு. புனேயிலும் கொச்சியிலும் டில்லியிலும் உட்கார்ந்துகொண்டு பாகங்களின் எண்களைப் பரிமாறிக்கொள்வார்கள். நான் ஊர் மாறிவிட்டேன் என்று எழுதி, கடலோரத்தில் எப்படிப் பராமரிப்பது என்று கேட்டேன். கொச்சிக்காரர் வரைபடத்தில் எங்கள் ஊரைத் தேடிப் பார்த்துவிட்டு ஒரே வரியில் பதில் போட்டார்: "விற்றுவிடுங்கள்."

நான் விற்கவில்லை. பராமரித்தேன். ராமநாதபுரத்தில் போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர். அதில் காரைக் கழுவினால் காய்ந்ததும் கோலப்பொடி தூவியது போல வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் லாரியில் விலைக்கு வாங்கித் தொட்டியில் நிரப்பும் நல்ல தண்ணீரில் கழுவினேன். மனைவி ஜன்னலிலிருந்து பார்ப்பாள்.

"நம்ம குடிக்கிற தண்ணி அது."

"ரெண்டே ரெண்டு வாளிதான்."

"நான் தலைக்கு ஊத்துறதே உப்புத்தண்ணி. முடியெல்லாம் கொட்டுது. உங்க ஜெர்மன்காரிக்கு மட்டும் நல்ல தண்ணியா?"

தண்ணீர் பம்பு ஒருமுறை போனது. இந்தியாவில் எங்கும் கிடைக்காமல், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான் அதைத் தன் சட்டைகளுக்குள் சுருட்டிக் கொண்டுவந்தார். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இது என்ன என்று கேட்டார்களாம். "எங்க அக்கா வீட்டுக்காரரோட சீக்கு" என்று சொன்னாராம். பரமக்குடிக்குத் தெற்கே சொந்த ஊருக்குப் போனால் என் அய்யா டிக்கியில் மிளகாய் மூட்டையை ஏற்றிவிடுவார். கார் என்று ஒன்று இருந்தால் மூட்டை ஏற்றத்தானே. கோடையில் ஏசி போட்டால் அந்த மிளகாய் நெடியில் இருமல் வரும்.

காரை முழுதாகப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் மதுரையில் இருந்தார். அந்தச் சொட்டைப் பார்ப்பதற்கு நான்கு நாள் முன்புதான் அவரிடம் கொண்டுபோனேன். மறுபதிவுக்கு முன்னால் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். இன்ஜின் நன்றாக இருக்கிறது, கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது, பிரேக் நன்றாக இருக்கிறது என்றார். ரன்னிங் போர்டின் அடியில் யாரோ கெட்டியாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். டாக்டரோ, அவருக்கு முந்தியவரோ. மெக்கானிக் அதை விரல் முட்டியால் தட்டினார்.

"மேல நல்லாத்தான் இருக்கு சார். உள்ள எப்படின்னு உரிச்சாத்தான் தெரியும். உரிச்சமுன்னா அப்படியே விட முடியாது, வேலை வந்துரும். வியாழக்கிழமைக்குள்ள முடியாது."

"இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சு உரிப்போமே."

"உங்க இஷ்டம்."

கிளம்பும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, முகப்பு விளக்கின் கண்ணாடி வெயிலில் மஞ்சளாகப் போயிருக்கிறது, ஆய்வாளர் முதலில் அதைத்தான் பார்ப்பார். இன்னொன்று, எங்காவது நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். "ஆட்டோமேட்டிக் சார். சக்கரம் உருளக் கூடாது. லாரி மேல ஏத்தித்தான் கொண்டாரணும்."

விளக்கு அவ்வளவு மஞ்சளாக இருந்தது உண்மைதான். புது விளக்கு கிடைக்காது. கிடைத்தாலும் வியாழக்கிழமைக்குள் வராது. தங்கச்சிமடத்தில் ஃபைபர் படகு செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது என்றும், படகின் மேல்தோலைப் பளபளப்பாக்கும் மெருகு மருந்தைப் போட்டு அங்கே கார் விளக்கையும் தேய்த்துக் கொடுப்பதாகவும் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர் சொன்னார்; நான் வருவதைப் பட்டறைக்காரரிடமும் சொல்லிவைத்தார். அந்தப் பழுப்புச் சொட்டைத் துடைத்த ஞாயிற்றுக்கிழமை காலை அங்கேதான் புறப்பட்டேன்.

உச்சிப்புளி தாண்டியதும் ரோடு நேராக விழும். இரண்டு பக்கமும் பனையும் கருவேலமும். காற்று பக்கவாட்டில் அடித்தால் சின்ன கார்கள் ஒதுங்கும், இது ஒதுங்காது. ஸ்டீயரிங்கில் இரண்டு விரல் போதும். பாம்பன் பாலத்தில் ஏறும்போது கீழே படகுகள் எல்லாம் நங்கூரத்தில் நின்றன. ஞாயிற்றுக்கிழமை, யாரும் கடலுக்குப் போகவில்லை. கண்ணாடியை இறக்கினேன். இறக்கக் கூடாது, உப்பு உள்ளே வரும். ஆனாலும் இறக்கினேன்.

பட்டறைக்காரர் லுங்கிக்கு மேல் ஒரு பழைய கால்பந்து பனியன் போட்டிருந்தார். பட்டறைக்குள் ஒரு படகு கவிழ்த்துப் போடப்பட்டிருந்தது. இடமில்லாததால் காரைத் தெருவிலேயே நிறுத்தச் சொன்னார். குறுகலான தெரு, கார் நின்றால் ஒரு மோட்டார் சைக்கிள் போகும் அளவுக்குத்தான் மிச்சம். தெருவின் கடைசியில் ஒரு குருசடி, சின்ன வேதக்கோயில், வண்ணக் காகிதத் தோரணம் கட்டியிருந்தது. தோரணத்தைப் பார்த்தேன். அன்று என்ன விசேஷம் என்று கேட்கவில்லை.

அவர் தேய்க்கத் தேய்க்க விளக்கிலிருந்து மஞ்சள் நிறப் பால் வழிந்தது. துடைத்தபோது உள்ளே இருந்த பல்பும், அதைச் சுற்றியிருந்த வெள்ளி வளையமும் தெரிந்தன. வாங்கிய நாளிலிருந்து நான் அந்த வளையத்தைப் பார்த்ததில்லை.

"கண்ணுல பொர எடுத்த மாதிரி ஆயிருச்சுல்லண்ணே," என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வியாழக்கிழமை பயம் முதல் தடவையாகக் கொஞ்சம் விலகியது.

உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஓடியது. பிரேக்கை மிதித்துக் கியரைப் பார்க்கிங்கிலிருந்து இழுத்தேன். வரவில்லை. அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி இழுத்தேன். இரும்பில் வைத்துப் பற்றவைத்தது போலக் கியர்க் கம்பி நின்றது. பார்க்கிங்கில் கியர் இருந்தால் சக்கரம் உள்ளேயே பூட்டிக்கொள்ளும்; முன்னாலும் போகாது, பின்னாலும் போகாது.

மதுரைக்குப் போன் செய்தேன். மெக்கானிக் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"கியர் பக்கத்துல ஒரு சின்ன மூடி இருக்கும் சார். அதக் கிளப்பிட்டு உள்ள வெள்ளையா ஒரு பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அத அமுக்கிட்டு இழுத்தா நியூட்ரலுக்கு வந்துரும். பாத்து, பதினஞ்சு வருச பிளாஸ்டிக்."

மூடியைக் கிளப்பினேன். வெள்ளை நாக்கு இருந்தது. ஸ்குருடிரைவர் நுனியால் அமுக்கினேன். அப்பளம் போல உடைந்து உள்ளே விழுந்தது.

"என்ன சார் சத்தம்?"

"உடஞ்சிருச்சு."

நாதஸ்வரத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தினார். "லாரிக்குச் சொல்லுங்க," என்றார்.

காரை ஏற்றும் சாய்தள லாரி ராமநாதபுரத்தில் ஒன்றே ஒன்றுதான் கைவசம் இருந்தது. அது தொண்டிப் பக்கம் போயிருந்தது. வர இரவு ஆகும் என்றார்கள். சரி, காத்திருக்கலாம் என்று பட்டறைக்காரரிடம் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, அஞ்சு மணிக்குச் சப்பரம் வருதே."

அன்று குருசடித் திருவிழா. மாதா சொரூபத்தை வைத்த சப்பரத்தை ஆட்கள் தோளில் சுமந்து இந்தத் தெரு வழியாகத்தான் வருவார்கள். வேறு தெரு கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை. சப்பரம் தெருவை அடைத்துக்கொண்டுதான் வரும்; அதில் என் காரும் நின்றால் வராது.

செய்தி பரவ நேரம் ஆகவில்லை. கடலுக்குப் போகாத நாள், எல்லோரும் தெருவில்தான் இருந்தார்கள். திருவிழாக் கமிட்டியைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்தார். விசைப்படகு வைத்திருப்பவர், புது வேட்டி, நெஞ்சில் கமிட்டி ரிப்பன். காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டார்.

பிறகு ஆட்கள் யோசனை சொல்லத் தொடங்கினார்கள்.

"கயித்தப் போட்டு டிராக்டர்ல இழுப்போம்."

"இழுக்கக் கூடாதுங்க. சக்கரம் உருளக் கூடாது," என்றேன்.

"சக்கரம் எதுக்கு வச்சிருக்கான் அப்ப?"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"உருளக் கூடாதுன்னா தூக்கத்தானே வேணும்," என்றார் பெரியவர். "பட்டறைக்குப் பக்கத்துல காலி மனை கெடக்கு. பத்தடிதான். வள்ளத்தத் தூக்கி வைக்கிறோம், இதத் தூக்க மாட்டமா? ஏலே, கம்பக் கொண்டாங்கடா."

சவுக்குக் கம்புகள் வந்தன. படகைக் கரையேற்றுகிறவர்கள் குறுக்கே கொடுக்கும் கம்புகள், நடுவில் கயிறு உரசி வழவழப்பாகியிருந்தன. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து காரின் அடியைப் பார்த்தார். கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

"இதுக்கு ஏரா எங்கனண்ணே இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. பட்டறைக்காரர் தன் பட்டறையில் கவிழ்ந்து கிடந்த படகைக் காட்டினார். அதன் அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை, ஒரே நீளமாக ஒரு முதுகெலும்பு ஓடியது. அதுதான் ஏரா. படகின் முழுப் பாரமும் அதில்தான் நிற்கும். அதற்கு அடியில் எங்கே கம்பு கொடுத்தாலும் தாங்கும்.

"காருக்கு அப்படி ஒண்ணு கிடையாதுங்க," என்றேன். "நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல நாலே நாலு இடம். அங்க மட்டும்தான் தாங்கும். ஜாக்கியே அங்கதான் வைக்கணும்."

"நடுவுல?"

"நடுவுல தாங்காது."

"ஏராவே இல்லாம என்னத்தண்ணே கட்டியிருக்கான் ஜெர்மன்காரன்?"

அதற்குப் பதில் உண்டு. முழு உடம்பும் சேர்ந்து ஒரு கூடு, ஒவ்வொரு தகடும் கொஞ்சம் கொஞ்சம் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், அதனால்தான் எடை குறைவு, அதனால்தான் அந்த ஸ்டீயரிங். இதையெல்லாம் நான் குழுவில் பலமுறை எழுதியிருக்கிறேன். அந்தத் தெருவில் சாக்பீஸ் வாங்கிவந்து நான்கு இடங்களிலும் அம்புக்குறி போட்டேன்.

அவர்கள் சொன்னபடியே செய்தார்கள். அதை நான் எழுதியாக வேண்டும். என் ஜாக்கியையும் ஓர் ஆட்டோக்காரர் ஜாக்கியையும் வைத்து ஒவ்வொரு பக்கமாக உயர்த்தி, முன்னால் ஒரு கம்பு, பின்னால் ஒரு கம்பு, குறுக்காக நுழைத்தோம். கம்பும் தகடும் உரசாமல் இருக்கப் பழைய வலையை மடித்து இடையில் வைத்தார்கள். என் அம்புக்குறிக்கு நேராக வந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் என்னிடம் கேட்டார்கள். இடது பின்பக்கத்தில் ஜாக்கி ஏறியபோது கருப்புப் பூச்சு கொஞ்சம் உள்வாங்கியது. பிறகு நின்றது. நின்றுவிட்டது என்று நினைத்தேன்.

ஆட்கள் கம்புகளுக்குத் தோள் கொடுக்கக் குனிந்தார்கள். முன்பக்கத்தை அவர்கள் அணியம் என்றும் பின்பக்கத்தை அமரம் என்றும் சொன்னார்கள். படகின் முன்னும் பின்னும்.

"கருவாட்டுக் கூடை மாதிரி நெனச்சு அசால்ட்டாப் புடிக்காதீங்கடா. பேப்பர்க்கார அண்ணன், நாளைக்கி நம்மளப் பத்தி எழுதிப்புடுவாரு."

"எழுதுனா போட்டோவோட போடச் சொல்லுலே. எனக்குப் பொண்ணு பாக்குறாக."

"ஒண்ணாப் புடி," என்றார் பெரியவர். "ஏத்து!"

கார் எழுந்தது. நான்கு சக்கரமும் தரையை விட்டு விலகி, ஸ்பிரிங் தளர்ந்து தொங்கின. அதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்குள் எட்டிப் பார்த்தது போல. இரண்டு எட்டு வைத்தார்கள். மூன்றாவது எட்டில் இடது பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. உடைகிற சத்தம் அல்ல. மிளகாய் வற்றலைக் கையால் நொறுக்குகிற சத்தம். கம்பு தகட்டுக்குள் மெதுவாக ஏறியது. அந்த மூலை இறங்கியது.

"அமரம் எறங்குது! அமரம் எறங்குது!"

கீழே கால்கள் இருந்தன. அந்த நொடியில் யாரும் என் அம்புக்குறியைப் பார்க்கவில்லை, பார்த்திருக்கவும் கூடாது. பெரியவர் கத்தினார்: "நடுவுல குடுலே!"

படகு சரியும்போது எங்கே கொடுக்க வேண்டுமோ அங்கே கொடுத்தார்கள். கதவுகளுக்குக் கீழே, சரியாக நடுவில், இரண்டு பேர் மூன்றாவது கம்பைச் செருகி நெம்பினார்கள். அங்கே ஏரா இல்லை. ரன்னிங் போர்டு முழு நீளத்துக்கும் மேல்நோக்கி மடிந்தது. பின்கதவு தானாகத் திறந்து வெளியே தொங்கியது. பழுப்புத் தகடுகள் பொலபொலவென்று தெருவில் கொட்டின. கருப்புப் பூச்சு மட்டும் கிழியாமல், உள்ளே ஒன்றும் இல்லாத உறை போலத் தொங்கியது.

அவர்கள் காரைப் போடவில்லை. யாருக்கும் அடிபடவில்லை. முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, மீதி தூரமும் சுமந்து, காலி மனையில் தொட்டிலை இறக்குவது போல இறக்கி வைத்தார்கள். எல்லோரும் நிமிர்ந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தனக்குப் பெண் பார்ப்பதாகச் சொன்னவர் கையில் ஒட்டியிருந்த துருவை லுங்கியில் துடைத்தார்.

"எங்களாலயாண்ணே?"

"இல்ல, இல்ல. அது முன்னாலயே போயிருச்சு," என்றேன். அது உண்மை. ஆனால் ஆறுதலுக்குச் சொல்வது போலத்தான் கேட்டது. அவர் நம்பவில்லை.

பெரியவர் குனிந்து, தொங்கிய உறைக்குள் விரலை விட்டு ஒரு தகட்டை எடுத்தார். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். அது பொடியானது.

"படகா இருந்தா கடலுக்கு விட மாட்டோம்ணே," என்றார். குற்றமாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார்.

ஒரு பெண் விளக்குமாறு கொண்டுவந்து தெருவில் கொட்டிய துருவைக் கூட்டி அள்ளினாள். கூட்டிய இடத்தில் தண்ணீர் தெளித்தாள். ஐந்து மணிக்குச் சப்பரம் வந்தது. எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள், காருக்குப் பக்கத்திலேயே. தட்டில் பிரியாணி வந்தது, அதன் பின் டீ, அதன் பின் இன்னொருவர் வீட்டிலிருந்து இன்னொரு டீ. சப்பரம் மனைக்கு நேராக வந்தபோது தோள் மாற்றுவதற்காக நின்றது. சுமந்தவர்களில் பாதிப்பேர் காரைச் சுமந்தவர்கள். விளக்குகளின் வெளிச்சம் காரின் முகப்பு விளக்குகளில் விழுந்தது. அவை புதிதாக வாங்கியவை போல இருந்தன.

அங்கிருந்து மனைவிக்குப் போன் செய்தேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"யாருக்கும் அடி கிடி படலையே?"

"இல்ல."

"சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். ரெண்டு டீ."

"சரி, வாங்க."

இரவு லாரி வந்தது. காரை லாரியின் விஞ்சுக் கம்பிவடத்தால் மேலே இழுத்து மதுரைக்கு அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் மதியம் மெக்கானிக் போன் செய்தார். கியர் வராததற்குக் காரணம் பிரேக் மிதிக்கு மேல் இருக்கும் ஒரு சுவிட்ச். மிதித்தால் பின்விளக்கு எரிவதற்கானது. அது சொன்னால்தான் கியர் பூட்டைத் திறக்கும். அது சொல்லவில்லை. கட்டைவிரல் அளவுக்கு ஒரு சாமான். அவரிடமே ஒன்று இருந்தது, மாற்றிவிட்டார்.

"அந்த ரன்னிங் போர்டு?"

"வெல்டு புடிக்க நல்ல இரும்பு வேணும் சார். இந்தக் கடைசியில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் சுரண்டிப் பாத்துட்டேன். எங்க போய் நிறுத்துறது? வலது பக்கத்தையும் உரிச்சேன். அதுவும் அப்படித்தான் இருக்கு." பிறகு சொன்னார்: "ஒட்ட வச்சுத் தாரேன்னு எவனாச்சும் சொல்லுவான். குடுக்காதீங்க. புள்ளகுட்டியோட போறீங்க."

குழுவில் படம் போட்டேன். புனேக்காரர் கும்பிடும் கைகளை அனுப்பினார். டில்லிக்காரர் பின்சீட்டுச் சாம்பல் கிண்ணம் விற்பனைக்கு உண்டா என்று கேட்டார். கொச்சிக்காரர் ஒன்றும் எழுதவில்லை.

வியாழக்கிழமை ஆய்வாளரிடம் போகவில்லை. அன்று காலை மனைவியும் நானும் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அவள் காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒப்பந்தப்படி அவளுக்குப் பேச உரிமை இருந்தது. எனக்குத்தான் இல்லை. உச்சிப்புளி பஸ் வந்தது. ஏறப்போனவள் திரும்பி, "இன்னொன்னு பாருங்க. பாக்குறதுக்கு என்ன, பாக்கலாமே," என்றாள். அதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

மாதக் கடைசியில் பழைய கார் உடைக்கிற ஒருவர் மதுரைப் பட்டறைக்கு லாரியோடு வந்தார். கையெழுத்துப் போட நான் போயிருந்தேன். அவர் காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏற்றுவதற்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கேட்டார். மெக்கானிக் சாவியை என்னிடம் நீட்டினார். லாரியின் பலகையைச் சரித்து வைத்தார்கள். நான் உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, கியரைப் போட்டேன். கார் தானாகவே ஏறியது.